கல்லக்குடியில் பெயர் மீண்டது; ஆலைக்குள் வாய் திறந்ததா?

(ரெட்டிபாளையத்தில் உழைப்பாளரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



ரெட்டிபாளையம் நிற்கும் இந்நிலம் ஒரு காலத்துக் கடலின் அடித்தளம். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கி, ஆறரைக் கோடி ஆண்டுகட்கு முன்வரை, கடல் இப்பகுதியின்மேல் ஏறியும் இறங்கியும் கிடந்தது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் பிற கடலுயிர்களும் படிந்து இறுகிய சுண்ணக்கல்லே இன்று இங்கு வெட்டியெடுக்கப்பெற்றுச் சிமிட்டியாகின்றது. 1860-ஆம் ஆண்டையொட்டி இம்மண்ணை ஆய்ந்த பிளான்போர்டு எனும் ஆங்கில நிலவியலாளர், இங்குள்ள பாறையடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களையே இட்டார். உலகின் எம்மூலையில் அக்காலத்துப் பாறைகளைப் பற்றிப் படிப்பவரும் இன்று அரியலூரின் பெயரைப் படிக்கின்றனர். ஆனால், அக்கல்லை வெடிவைத்துப் பிளந்து வண்டியிலேற்றும் உழைப்பாளிகளுள் எத்துணைப் பேர் கைகளுக்கு அக்கல்லின் வரலாறு தமிழ் நூலாகச் சென்று சேர்ந்தது? பெயர் தமிழாக இருக்கின்றது. அறிவு ஆங்கிலமாக இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளமே இவ்வுரையின் பொருள்.

இப்பள்ளத்தை அளக்க, இதே தொடர்வண்டிப் பாதையில் திருச்சிராப்பள்ளி நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் போதும். அங்குள்ளது கல்லக்குடி. 1939-ஆம் ஆண்டில் அங்கே வடநாட்டுத் தொழில்முதல்வர் தால்மியாவின் சிமிட்டி ஆலை எழுந்தது. ஆலை வந்ததும் ஊரின் பெயர் போயிற்று. தொடர்வண்டி நிலையத்தின் பலகையில் 'டால்மியாபுரம்' ஏறியது. 1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை, அப்பலகையின்மேல் 'கல்லக்குடி' என்று எழுதுவதாக இருந்தது. மு. கருணாநிதி தலைமையில் சென்ற தொண்டர்கள் பலகையில் ஊர்ப்பெயரை ஒட்டினர். தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பலர் சிறை புகுந்தனர். அக்கழகம் ஆட்சிக்கு வந்தபின் நிலையத்தின் பெயர் 'கல்லக்குடி பழங்காநத்தம்' ஆயிற்று. ஒரு பெயர்ப்பலகைக்காக உயிர் கொடுப்பதா என்று எள்ளி நகைத்தவர் அன்றும் இருந்தனர். பெயரை இழந்தவன் தன் நிலத்தை இழந்ததையும் விரைவில் மறந்துவிடுவான் என்பதை அவர்கள் அறியார்.

அதே மும்முனைப் போராட்டத்தின் மற்றொரு முனையைத் தமிழர் இப்போது அத்துணை நினைப்பதில்லை. அது குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, 1953-இல், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகட்கு ஒருவேளைக்கு மூன்று மணிநேரம் மட்டும் பாடம். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கவேண்டும் என்று ஒரு முறை புகுத்தப்பெற்றது. குயவன் மகன் பானை வனையவும், வண்ணான் மகன் துணி வெளுக்கவும், உழவுக் கூலியின் மகன் சேற்றில் இறங்கவும் அரசே நேரம் ஒதுக்கித் தந்தது. நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் இராசாசி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு அதனைக் கைவிட்டது.

ஒரே திங்களில், ஒரே இயக்கம், ஒருபுறம் ஊர்ப்பெயருக்கும் மறுபுறம் கல்விக்கும் போராடியது தற்செயலன்று. ஒரு மக்களினத்தின் பெயரை எவன் மாற்றுகின்றானோ, அவனே அம்மக்களுள் எவன் எதைக் கற்கலாம் என்பதையும் வரையறுக்கத் துணிகின்றான். ஆயினும் இங்கு ஒன்றை நுணுகிப் பார்த்தல் வேண்டும். தொழிலைச் செய்துகொண்டே கற்பது என்னும் கருத்து இழிவானதன்று. உலகின் சிறந்த தொழில் நாடுகள் அவ்வாறே கற்றன. கற்கவேண்டிய தொழிலைப் பிறப்பால் முடிவு செய்ததும், கையால் செய்பவனுக்கு ஏட்டறிவு வேண்டாவென்று கதவடைத்ததுமே அத்திட்டத்தின் நஞ்சு. அந்நஞ்சு சட்டத்திலிருந்து 1954-இல் நீங்கியது. தொழிற்கூடங்களுக்குள்ளிருந்து நீங்கிற்றா?

ஒரு சிமிட்டிச் சூளையை நினைத்துப் பார்க்க. சாய்வாகக் கிடந்து சுழலும் நீண்ட இரும்புக் குழாய் அது. அதனுள்ளே வேகும் பொருளின் வெம்மை 1,450 பாகையைத் தொடும். இரும்பு உருகாதிருக்க உட்புறம் முழுதும் தீத்தாங்கு செங்கல் பதிக்கப்பெற்றிருக்கும். செங்கல் ஒன்று பெயர்ந்தால் வெளிக்கூட்டில் அவ்விடம் சிவந்து தோன்றும். முன்சூடேற்றும் கோபுரத்தில் கல்மாவு அடைத்துக்கொண்டால், அவ்வடைப்பை நீக்கப் போகின்றவன்மேல் நெருப்பொத்த மாவு பாய்ந்து கொட்டும். இத்தொழிலின் கொடிய நேர்ச்சிகளுள் அஃதொன்று. அளவைக்கருவிகள் இன்று எத்துணையோ வந்துவிட்டன. எனினும், அரைவைப்பொறியின் ஒலி மாறியதைக் காதால் உணர்கின்றவனும், அடைப்பு வருமுன் மணத்தாலும் அதிர்வாலும் அறிகின்றவனும் ஆண்டுக்கணக்கில் அதனருகே நின்ற உழைப்பாளியே. அவன் அறிந்தது அவன் மொழியில் இருக்கின்றது. அவன் மொழியிலேயே அது மேலே செல்கின்றதா? செல்வதாயின் எத்துணைப் படி வரை? மேற்பார்வையாளரின் காது வரை தமிழில் ஏறுவது, அறிக்கையில் ஆங்கிலமாகும்போது பாதி உதிர்ந்துபோகின்றது. தலைமை அலுவலகம் வேறொரு மாநிலத்தில் இருக்குமாயின் எஞ்சிய பாதியும் வழியில் கரைகின்றது.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன்கீழ் ஒட்டப்பெறவேண்டிய அறிவிப்புகள் யாவும் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமும் அவ்வாறே கூறிற்று. நல்ல விதிகள்தாம். ஆனால் அவ்விதிகள் செல்லும் திசையைக் காண்க. மேலிருந்து கீழே வரும் ஆணைக்கு உழைப்பாளியின் மொழி தேவை என்று அவை கண்டன. கீழிருந்து மேலே செல்லும் அறிவுக்கு அவன் மொழி தேவை என்று அவை கருதவில்லை. 'புகை பிடிக்காதே' என்பது தமிழில் வந்து சேரும். 'இக்குழாய் கசிகின்றது' என்பது தமிழில் போய்ச் சேர வழி வகுக்கப்பெறவில்லை.

வழி வகுக்கப்பெறாவிடின் என்ன நேரும் என்பதற்குப் போபால் நகரமே சான்று. அங்கிருந்த யூனியன் கார்பைடு ஆலையின் பணிமுறைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. பொறிகளை இயக்கியோருள் பலர்க்கு ஆங்கிலம் வாராது. 1981 இறுதியில் நச்சுக்காற்றுக்கு ஒரு தொழிலாளி இரையானார். 1982-இல் தொழிலாளர் தாமே சுவரொட்டிகள் அச்சிட்டு, உழைப்பாளர் உயிரும் நகர மக்கள் உயிரும் இடரில் உள்ளன என்று நகரெங்கும் ஒட்டினர். அதே ஆண்டில் இராசுகுமார் கேசுவானி என்னும் செய்தியாளர் தம் சிற்றிதழில், இந்தியில், அவ்வாலையைப் பற்றி அடுத்தடுத்து எச்சரித்து எழுதினார். யார் கேட்டார்? உள்ளூர்ச் சிற்றிதழில் உள்ளூர் மொழியில் வந்த செய்தி, ஆங்கிலத்தில் அறிக்கை படிக்கும் மேலிடத்துக்குச் செய்தியாகவே தோன்றவில்லை.

1984 திசம்பர் 2-ஆம் நாள் இரவு, ஏறத்தாழப் பதினொன்றரை மணியளவில், அப்பிரிவில் பணியிலிருந்தோரின் கண்கள் எரிந்து நீர் வடிந்தன. கசிவை அறியும் கருவியாக அங்கே உண்மையில் பயன்பட்டவை அவர்தம் கண்களே. மேற்பார்வையாளரிடம் கூறினர். தேநீர் இடைவேளைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று அது தள்ளிவைக்கப்பெற்றதாகப் பின்னர்ச் செய்தியாளர் நடத்திய ஆய்வில் வெளிவந்தது. அவ்விடைவேளை முடிவதற்குள் தொட்டி கொந்தளித்துவிட்டது. ஏறத்தாழ 40 தொன் நச்சு வெளியேறிற்று. அரசு முதலில் அறிவித்த சாவுக்கணக்கே இரண்டாயிரத்தைத் தாண்டியது. அதன்பின் ஆண்டுகள்தோறும் மடிந்தோர் பல்லாயிரவர்.

இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற மண்ணில், இந்தியில் எழுந்த ஓர் எச்சரிக்கைக்காக இரங்குவதா என்று யாரேனும் வினவலாம். இரங்கத்தான் வேண்டும். தமிழன் எதிர்த்தது தன்மேல் ஏற்றப்பெற்ற மொழியை. போபால் உழைப்பாளியின் தாய்மொழியை அன்று. அவனுக்கு இந்தி, இவனுக்குத் தமிழ் எவ்வாறோ அவ்வாறு. இன்று தமிழகத் தொழிற்கூடங்களில் ஒரியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் ஏழை உழைப்பாளர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து நிறைந்துள்ளனர். அவர்கள் வரவால் இம்மண்ணின் மக்களுக்குரிய வேலை குறைகின்றது என்னும் முறையீட்டில் உண்மையிருப்பின், அவ்வழக்கை வேலை தருகின்ற முதலாளியோடும் அரசோடும் தொடுக்கட்டும். சூளையருகே நிற்கும் ஒரியாக்காரனுக்கு அடைப்பின் இடரை அவன் மொழியில் சொல்லாது விடுவது தமிழ்ப்பற்றாகாது. அவன் புரிந்துகொள்ளாத ஒரு நொடியில் பக்கத்தில் நிற்கும் தமிழனும் சேர்ந்தே வேவான்.

இனி, வழி வகுத்த ஒரு நாட்டைக் காண்போர் சப்பானை நோக்குக. போரில் நொறுங்கிக் கிடந்த அந்நாடு, 1950-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்சு தெமிங்கை வரவழைத்தது. அழைத்தது அறிவியலாளரும் பொறியாளரும் சேர்ந்த ஓர் ஒன்றியம். அவர் ஆங்கிலத்தில் பேசினார். ஆனால் அவ்வுரைகள் உடனே சப்பானிய மொழியில் அச்சேறின. அவ்வச்சுநூலின் உரிமைத்தொகையை அவர் ஒன்றியத்துக்கே விட்டுக்கொடுக்க, 1951-இல் அவர் பெயராலேயே பரிசொன்று நிறுவப்பெற்றது. அதே 1951-இல் தொயோதா ஆலை, உழைப்பாளர் தம் கருத்துகளை எழுதித் தரும் முறையொன்றைத் தொடங்கிற்று. அமெரிக்காவின் போர்டு ஆலையில் கண்ட வழக்கத்தையே அவர்கள் கொண்டுவந்தனர். ஆயினும் கொண்டுவந்ததைத் தம் மொழியில் நட்டனர்.

அதைவிட ஆழமானது 1962-இல் நிகழ்ந்தது. அவ்வொன்றியம் மேற்பார்வையாளர்க்கும் உழைப்பாளர்க்கும் என்றே ஓர் இதழ் தொடங்கிற்று. அதற்கு முன்னின்றவருள் ஒருவர் பேராசிரியர் இசிக்காவா. பேராசிரியர்கள் பேராசிரியர்க்கு எழுதும் இதழன்று அது. ஆலைக்காரன் தன் கைக்காசில் வாங்கும் விலை வைத்தனர். நான்கைந்து பேராகக் கூடிப் படியுங்கள், படித்ததை உங்கள் பொறியில் ஆய்ந்து பாருங்கள் என்றனர். அப்படிப்புக் கூட்டங்களே தரவட்டங்கள் எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவின. ஒரு குறைக்குரிய கரணியங்களை மீனின் முள்போல வரைந்து காட்டும் இசிக்காவாவின் படத்தைப் பள்ளிப்படிப்பு மட்டுமே முடித்தவனும் வரைந்தான். அதன் ஒவ்வொரு முள்ளிலும் எழுதப்பெற்ற சொல் அவன் வீட்டில் பேசும் சொல்.

தனித்தமிழ் அன்பர்க்கு இங்கே ஒரு சிறு குத்தல் உண்டு. அவ்விதழின் பெயர் 'பணிக்களமும் தரக்கட்டுப்பாடும்' எனப் பொருள்படும். அதில் தரக்கட்டுப்பாட்டைக் குறிக்க இரண்டு ஆங்கில எழுத்துகளையே இட்டிருந்தனர். சப்பானியர் பட்டையை அயலாரிடம் வாங்கினர், சாற்றைத் தம்மதாக்கினர். தமிழகத்திலோ சிலவிடங்களில் இதற்கு நேர்மாறு நிகழ்ந்தது. சிமிட்டி என்பதா, பைஞ்சுதை என்பதா என்று நான்கு மேடைகளில் முழங்கினர். பைஞ்சுதை அழகிய சொல், ஆள்வதும் தக்கதே. ஆனால் சொல்லைப் படைத்தோருள் எத்துணைப் பேர் ஒருமுறையேனும் கட்டடக்காரனிடம் சென்று, அவன் ஏற்கெனவே என்னென்ன சொல் வைத்திருக்கின்றான் என்று கேட்டனர்? கரணை, சாரம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, சாந்து, காரை என அவன் வாயில் ஒரு தொழில் அகராதியே கிடக்கின்றது. அறிஞர் அறையில் பிறந்த சொல்லும் களத்தில் பிறந்த சொல்லும் ஒன்றையொன்று காணாமலே வளர்ந்தால், உழைப்பாளிக்குத் தமிழும் மற்றோர் ஆங்கிலமாகிவிடும். கீழிருந்து மேலே அறிவு ஏறவேண்டும் என்பது முதலாளிக்கு மட்டும் உரைப்பதன்று. தமிழ் அமைப்புகட்கும் அது பொருந்தும்.

தமிழில் பொறியியலும் மருத்துவமும் கற்பிக்க இயலுமா என்று இன்னும் ஐயுறுவார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடை கூறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் அங்கு வந்தார். 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் முதலியன தமிழ் நூல்களாயின. அயலார் ஒருவர்க்கு, நூற்றைம்பது ஆண்டுகட்கு முன், மாணவர் புரிந்துகொள்வதே முதன்மை என்று தோன்றியது. அவர் 1873-இல் தாயகம் திரும்பினார். அம்முயற்சி அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. பயிற்சி தமிழில் இருந்து, பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தால், எந்தத் தாய் தன் மகனைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவாள்?

இவ்வினா பழங்கதையன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே, அரசுப் பணிகளில் தமிழ்வழிப் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. 2023 மே திங்களில், சில உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக ஓர் அறிவிப்பு வெளிவந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பெற்றது. அரசியல் தலையிட்டதால் வகுப்புகள் பிழைத்தன, அம்மட்டில் நன்று. ஆனால், கல்லூரியின் கதவைத் திறந்த அரசியல், ஆலையின் கதவண்டை வந்ததும் நின்றுவிட்டது. தமிழில் பொறியியல் கற்ற இளைஞன் ஆலைக்குள் நுழைந்தால், வரைபடம் ஆங்கிலம், நாட்குறிப்பு ஆங்கிலம், கூட்டம் ஆங்கிலம். எந்தச் சூளையருகே அவன் தமிழ் பயன்பட்டிருக்குமோ, எந்த உழைப்பாளியிடம் அவன் எளிதாய்க் கேட்டறிந்திருப்பானோ, அவ்விடத்தில் அவனைக் குறையுடையவன்போல் நிற்கவைக்கின்றனர். தமிழ்வழிப் பொறியாளன் உழைப்பாளிக்கும் மேலிடத்துக்கும் இடையே பாலமாகக்கூடியவன் என்று எந்த ஆள்தேர்வுக் குழு கண்டது?

அடையாளத்தின் பெயரால் கதவு திறப்பதும் உண்டு, சாத்துவதும் உண்டு. ஈழத்தில் 1956-இல் சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. 1971-இல் மருத்துவப் படிப்பில் இடம்பெறச் சிங்கள வழி மாணவர்க்கு 400-க்கு 229 மதிப்பெண் போதுமாயிருக்க, தமிழ்வழி மாணவர்க்கு 250 வேண்டியதாயிற்று. இருபத்தொரு மதிப்பெண்! அவ்விடைவெளியில் விழுந்த இளைஞர் தலைமுறை பின்னர் எங்குச் சென்றது என்பதை உலகறியும். அந்நாடு தன் மருத்துவமனைகட்கும் தொழிற்கூடங்கட்கும் வந்திருக்க வேண்டிய அறிவைத் தானே வெளியே தள்ளிக் கதவடைத்தது.

ஈழத்தைச் சொல்லும்போது கை நீட்டுவது எளிது. தமிழனின் சொந்தத் தொழிற்கூடத்துக்குள் சாதி என்னும் பெயரில் அதே 21 மதிப்பெண் நாள்தோறும் கழிக்கப்பெறுவதை எவரும் பட்டியலிடுவதில்லை. ஒரே பணிமுறையில் ஒருவன் சொன்னால் 'கருத்து'. மற்றொருவன் சொன்னால் 'வாய்க்கொழுப்பு'. கழிவுவாய்க்காலைத் துப்புரவு செய்கின்றவனே அதில் புதிதாக என்ன கலந்து வருகின்றது என்பதை முதலில் காண்பவன். அவனைப் பிறப்பால் தாழ்ந்தவனாகவும், ஒப்பந்தக்காரரின் ஆளாகவும், ஆகவே ஆலைக்கு உரியவனல்லாதவனாகவும் மும்மடங்கு ஒதுக்கி வைத்தபின், அவன் கண்டதைக் கேட்பார் யார்? தொழிற்சங்கங்களும் இதில் தூயவையல்ல. நிலையான தொழிலாளிக்கு ஒரு மேசை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாசற்படி என்று நடத்தும் சங்கம், முதலாளியின் வேலையைக் கூலியின்றிச் செய்கின்றது. குலக்கல்வியை எதிர்த்தவர் வழித்தோன்றல்கள் சங்க அறைக்குள் குலமுறை காக்கலாமா?

இந்தியாவிலும் முன்மாதிரிகள் இல்லாமற் போகவில்லை. 1980-இல் ஐதராபாத்துப் பாரத மிகுமின் ஆலையில் தரவட்டங்கள் தொடங்கின. 1998-இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் ஆலையின் தடுப்புக்கருவிப் பிரிவு, இந்தியாவில் முதலாவதாகத் தெமிங் பரிசைப் பெற்றது. உழைப்பாளர் அனைவரும் பங்கு கொள்ளாத ஆலைக்கு அப்பரிசு கிட்டாது. தமிழ்நாட்டு உழைப்பாளிக்கு அறிவில்லை, ஆர்வமில்லை என்னும் பழியை அவ்வொன்றே பொய்யாக்கும். இலாபம் ஈட்டுதற்கு உழைப்பாளியின் மூளை தேவை என்று கண்ட முதலாளி அதைக் கேட்டுப் பெறுகின்றான். அதன் பயனில் பங்கு தருகின்றானா என்பது வேறு வழக்கு. அவ்வழக்கைத் தொடுக்கும் வலிமை, தன் அறிவை எழுத்தில் நிறுவிய உழைப்பாளிக்கே வரும். 'இம்மாற்றத்தை இன்னநாள் இன்னார் சொன்னார்' என்று ஏட்டில் இருந்தால், ஊதியப் பேச்சில் அது படைக்கலம். ஏட்டில் இல்லையாயின் அது பொறியாளரின் பதவியுயர்வு.

ஆகலின் அரியலூர், ரெட்டிபாளையம் வட்டாரத்து ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைப்போர், அரசு ஆலையாயினும் தனியார் ஆலையாயினும், சங்கம் எதுவாயினும், ஒன்றுபட்டுக் கேட்கத்தக்கது பெரிய செலவுடைய ஒன்றன்று. ஒவ்வொரு பிரிவிலும், பணிமுறை மாறும் இடத்தில், ஓர் ஏடு. அதில் கண்டது, கேட்டது, ஐயுறுவது, மாற்றக் கருதுவது எதுவாயினும் தமிழில் எழுதப்பெறும். எழுத வராதவர் சொல்ல, மற்றவர் எழுதுவர். பிறமொழி உழைப்பாளர் தம் மொழியில் எழுதுவர். சொன்னவர் பெயர் கட்டாயம் இடம்பெறும், ஒப்பந்தக்காரரின் பெயரன்று. எழுதியதற்காக எவரையும் ஒறுக்கலாகாது என்பது உடன்படிக்கையில் ஏறவேண்டும். அரியலூர்க் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்கள் திங்களுக்கொருமுறை வந்து, அவ்வேட்டிலுள்ள தொழிற்சொற்களைத் தொகுத்துச் செல்லட்டும். அகராதி அங்கிருந்து தொடங்கட்டும். விடையெழுதும் பொறியாளரும் தமிழிலேயே, தம் பெயரிட்டு, நாளிட்டு எழுதவேண்டும்; தமிழ் அறியாதவராயின் கற்றுக்கொள்ள ஓராண்டு தரலாம். பிற குறிப்புகட்கு ஒரு கிழமைக்குள் விடை வந்தால் போதும். இரவுப்பணியில் இடர் என்று எழுதப்பெற்றதை மட்டும், எவர் எழுதியிருப்பினும், அந்த இரவின் தேநீர் வேளைக்கு முன்னரே படித்தாக வேண்டும்.